குரங்குகளுக்குச் சாட்சி சொன்ன பாப்பாயி

கொல்லிமலை வளப்பூர் நாட்டில் பாப்பாயிக்குக் கோபம் வந்தால் எதிர்மலையில் ஆடு மேய்க்கிறவன் ஆட்டை ஓட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான் என்று ஒரு பேச்சு இருந்தது. அது கொஞ்சம் மிகைதான். குரல் எதிர்மலை வரைக்கும் போனது நிஜம். ஆட்டுக்காரன் கிளம்பியது மழைக்குப் பயந்து என்று அவள் புருஷன் சின்னுசாமி சொல்வான். நாளெல்லாம் வாயைத் திறக்காத அந்த மனிதன் இதை மட்டும் மறக்காமல் சொல்லிவந்தான் என்பதால் அதையும் இங்கே எழுத வேண்டியிருக்கிறது.

கொல்லிமலைக்கு வண்டிப்பாதை வராத காலம். அவர்களுக்குப் பதினொரு பலாமரமும், சரிவில் கொஞ்சம் சாமைக்காடும், மரங்களில் ஏற்றிவிட்ட மிளகுக்கொடியும் இருந்தன. பாப்பாயி கல்யாணமாகி வந்த வருஷமே மேற்குச் சோலையிலிருந்து ஒரு குரங்குக் கூட்டமும் அந்தப் பலாமரங்களுக்குக் குடி வந்தது. இருபதுக்கு மேல் இருக்கும். அன்றிலிருந்து பதினேழு வருஷம் அவளுக்கும் அவற்றுக்கும் ஓயாத சண்டை.

ஆரம்பத்தில் அவளும் மற்றவர்களைப் போலத்தான், குரங்கு என்றால் குரங்கு என்று எல்லாவற்றையும் சேர்த்துத் திட்டினாள். ஒருநாள் காயவைத்த தினையை அள்ளிவிட்டது என்று ஒரு குட்டிக்காரியின் மேல் கல்லை விட்டெறிந்தாள். இடுப்பில் சரியாகப் பட்டது. அது நொண்டிக்கொண்டு போனபிறகு பார்த்தால், கூரைமேல் வேறொன்று இரண்டு கன்னமும் பிதுங்கத் தினையை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அன்றைக்குப் பாப்பாயிக்குச் சோறு இறங்கவில்லை.

"திருடாததப் போயி அடிச்சுப்போட்டனே. அது என்ன நெனச்சிருக்கும்?" என்று புருஷனிடம் கேட்டாள்.

குரங்கு என்ன நினைக்கும் என்று சின்னுசாமிக்குத் தெரியவில்லை. அதனால் மிச்சத் தினையை அள்ளி உள்ளே வைத்தான்.

மறுநாளிலிருந்து அவள் அவற்றைத் தனித்தனியாகப் பார்க்கத் தொடங்கினாள். இன்னார் இன்ன தப்புச் செய்தார் என்று தெரிந்து திட்டினால்தான் திட்டுக்கு மரியாதை என்பது அவள் எண்ணம். அடையாளத்துக்கு அவளுக்குக் கிடைத்தவை உடம்பின் குறைகள்தான். இடக்காது கிழிந்து, கழுத்தில் எலுமிச்சங்காய் மாதிரி ஒரு கட்டி தொங்கியவள் கழலைக்காரி. தொப்புளில் நெல்லிக்காய் அளவுக்குச் சதை துருத்தியவள் பிதுங்கி. வலது கையில் ஒரு விரல் கூடுதலாக இருந்தவன் ஆறுவிரலான். வால் பாதியிலேயே முடிந்துபோனவன் மொண்ணைவாலன். விடிகாலைப் பனியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தும்மித் தும்மி இருமுகிறவன் தும்மக்காரன். பாறை இடுக்கில் செம்மண்ணைச் சுரண்டித் தின்றுவிட்டு வயிற்றைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பவன் மண்ணுதின்னி. எந்தக் கிளையில் உட்கார்ந்தாலும் இடப்பக்கமாகவே சாய்ந்து உட்காருகிற ஒருத்திக்குக் கோணச்சி என்று பேர்.

இப்படி ஒன்று விடாமல் எல்லாவற்றுக்கும் ஒரு பேரும் ஒரு குறையும் உண்டு. "ஒரு கொறையும் இல்லாதது ஒண்ணாச்சும் இருக்குதா அக்கா?" என்று பக்கத்துக் காட்டு அம்சவேணி கேட்டபோது, பாப்பாயி கொஞ்சம் யோசித்து, "நல்லாப் பாக்காத வரைக்கும் நாலஞ்சு இருந்துச்சு" என்றாள்.

ஒரு வருஷம் மாசி மாதத்தில் காரவள்ளியிலிருந்து சுப்பண்ணன் வலையும் மூங்கில் கூண்டுகளும் எடுத்துக்கொண்டு மலையேறி வந்தான். அடிவாரத்தில் சொந்த நிலம் வைத்து வெள்ளாமை செய்கிறவன். இடையில் மதராஸில் ஒரு ஆராய்ச்சிசாலைக்குக் குரங்கு பிடித்து அனுப்புகிற வேலையும் எடுத்திருந்தான்.

"அங்க கொண்டுபோயி என்ன பண்ணுவாங்க?" என்று பாப்பாயி கேட்டாள்.

"நல்லா வெச்சுப் பாத்துக்குவாங்க அக்கா. ரெண்டு வேளை தீனி. டாக்டருங்க வந்து நாடி பாப்பாங்க. நமக்கெல்லாம் அந்தக் கொடுப்பினை ஏது?"

பாப்பாயி நம்பினாள். நம்பியது மட்டுமில்லை, பருவத்துக்கு முந்திப் பழுத்த பலா இரண்டைத் தானே வெட்டி வலைக்கடியில் வைத்துக் கொடுத்தாள். மூன்று நாளில் பதினான்கு குரங்குகள் மாட்டின. கூண்டைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் இறங்கிப் போகும்போது, "போய்த் தொலைங்க, இனியாச்சும் உக்காந்து தின்னுங்க" என்று வழியனுப்பினாள். மிச்சமிருந்த ஏழெட்டும் பயந்து சோலைக்குள் போய்விட்டன.

அந்த வருஷம் பலா அத்தனையும் வீடு வந்து சேர்ந்தது. சாமை ஒரு கதிர்கூடக் குறையவில்லை. ஆனால் பாப்பாயிக்கு என்னவோ சரியில்லை. காலையில் எழுந்து காட்டுக்குப் போவாள்; திட்டுவதற்கு ஆள் இருக்காது. நின்று பார்த்துவிட்டுத் திரும்புவாள். வாய் சும்மா இருக்குமா? சின்னுசாமி செருப்பைக் கழற்றிப்போட்ட இடம் சரியில்லை, அவன் தண்ணீர் குடிக்கும்போது தொண்டையில் சத்தம் வருகிறது, அவன் உட்காரும்போது கோணலாக உட்காருகிறான் என்று ஒவ்வொன்றாகக் கண்ணில் படத் தொடங்கியது. அவன் பாதி நாளைக் காட்டிலேயே கழித்தான். ஆனி மாதம் செம்மேட்டுச் சந்தையில் சுப்பண்ணனைப் பார்த்தபோது, அவனாகவே பக்கத்தில் போய், "நாலஞ்சையாச்சும் திருப்பிக் கொண்டாந்து உட்டுருங்க" என்று கேட்டிருக்கிறான். சுப்பண்ணன் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தான்.

ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு காலையில் அதே சுப்பண்ணன் ஒரு பட்டணத்து மனிதரைக் கூட்டிக்கொண்டு வந்தான். மனிதரின் பூட்ஸ் ஒன்று வாய் பிளந்திருந்தது. இரண்டு காலிலும் அட்டை கடித்து ரத்தம். கக்கத்தில் ஒரு பெரிய ரிஜிஸ்டர் புத்தகம் மட்டும் நனையாமல் இருந்தது. அவர் பேர் அர்த்தனாரி. திருச்செங்கோட்டுப் பக்கத்துக்காரர். கால்நடை டாக்டருக்குப் படித்து அந்த மதராஸ் ஆராய்ச்சிசாலையில் வேலை பார்க்கிறவர்.

பாப்பாயி அட்டைக்கடிக்குச் சுண்ணாம்பு கொடுத்து, குடிக்கச் சாமைக்கஞ்சி கொடுத்து, பிறகு கேட்டாள்: "என்ன விசயமா வந்தீங்க சாமி?"

"இங்க பிடிச்ச குரங்குங்களப் பத்தி விசாரிக்கணுமுங்க" என்றார் அர்த்தனாரி. "பிடிக்கறப்போ அதுங்களுக்கு உடம்புல ஏதாச்சும் கோளாறு இருந்துதுங்களா? சுப்பண்ணன் ஒண்ணுமே இல்லீங்கறாரு."

சுப்பண்ணன் முந்திக்கொண்டான். "அத்தனையும் அப்பழுக்கில்லாத குரங்குங்க. செலையாட்ட இருந்துச்சுங்க. நான் குறையுள்ள சரக்கு அனுப்பற ஆளுங்களா?"

பாப்பாயி அவனை மேலும் கீழும் பார்த்தாள். "எதப்பா செலையாட்ட? கழலைக்காரியா?"

"அக்கா, நீங்க சும்மா இருங்க."

"கழுத்துல கட்டியத் தொங்கப் போட்டுக்கிட்டு இருந்தாளே, அவளா செல? இல்ல, ஆறு வெரல் வெச்சிருந்தானே, அவனா?"

அர்த்தனாரி கஞ்சிக் கலயத்தை அவசரமாகக் கீழே வைத்துவிட்டு ரிஜிஸ்டரைத் திறந்தார். "அம்மா, கொஞ்சம் நில்லுங்க. நான் ஒண்ணொண்ணா வாசிக்கறேன். நாலாம் நம்பர். பெட்டை. இடக்காது கிழிசல்."

"அதுதான் கழலைக்காரி. கழுத்துல கட்டி. முதல்ல சுண்டைக்கா அளவு இருந்துச்சு. அஞ்சாறு வருசத்துல எலுமிச்சங்கா ஆயிருச்சு."

டாக்டர் அந்த வரியில் அழுத்தி ஒரு கோடு போட்டார். "ஒன்பதாம் நம்பர். கடுவன். வால் குறை."

"மொண்ணைவாலன். அவனுக்கு வவுத்துல என்னமோ கொளறுபடி. ஒருநா கழிஞ்சா மூணு நா கழியாது. பொறந்ததுலேர்ந்து அப்படித்தான்."

"குடல் சுவரெல்லாம் முடிச்சு முடிச்சா இருந்துதுங்க! மிளகு கோத்த மாதிரி!" என்று அர்த்தனாரி கத்தியே விட்டார். "உள்ள புழு போய்த் தங்குற எடம். நான் அப்பவே சொன்னேன், எங்க மேலதிகாரி துரை கேக்கல!"

இப்படியே ஆறேழு போயிற்று. பாப்பாயிக்கும் உற்சாகம் வந்துவிட்டது. நெடுநாள் கழித்து சொந்தக்காரர் வீட்டுச் செய்தி கேட்கிற மாதிரி, "பிதுங்கி எப்படி இருக்கறா? அந்தத் தொப்புள் இன்னம் அப்படியேதான் இருக்குதா?" என்று கேட்டாள்.

அர்த்தனாரி எழுதுகிற மும்முரத்தில் தலையைத் தூக்காமலே, "அறுத்தப்போ பாத்தோமுங்க, உள்ள ஒரு சின்ன ஓட்டை" என்றார்.

பாப்பாயி ரிஜிஸ்டரின் மேல் கையை வைத்தாள்.

"அறுத்தீங்களா?"

அப்போதுதான் அவருக்கும் உறைத்தது. சுப்பண்ணன் வேலியோரமாக நகர்ந்தான்.

"எத்தனைய?"

"ஒன்பதுங்க."

பாப்பாயி எழுந்தாள். திட்டப் போகிறாள் என்று சின்னுசாமி நினைத்தான். திட்டவில்லை. வீட்டுக்குள் போய்ப் படலைச் சாத்திக்கொண்டாள். பலாவை வெட்டித் தன் கையால் வலைக்கடியில் வைத்தது நினைவு வந்து அவள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதது வெளியே யாருக்கும் தெரியாது. வெளியே மூன்று ஆண்கள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார்கள்.

கொஞ்ச நேரத்தில் படல் திறந்தது. அதன்பிறகு வந்ததுதான் திட்டு. கழலைக்காரிக்குப் பதினேழு வருஷத்தில் கிடைத்ததெல்லாம் ஒன்றுசேர்ந்து டாக்டர் அர்த்தனாரிக்கு ஒரே தவணையில் கிடைத்தது. அவர் பழக்கதோஷத்தில் முதல் நாலு வரியைக் குறிப்பு எடுத்துவிட்டு, இது குறிப்பு இல்லை என்று புரிந்து ரிஜிஸ்டரை மூடினார். நடுவில் ஒருமுறை சுப்பண்ணன் பக்கம் திரும்பினாள். அங்கே சுப்பண்ணன் இல்லை. தூரத்தில் பாக்குமரங்களுக்கு நடுவே அவன் முண்டாசு மட்டும் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

அவள் மூச்சு வாங்க நிறுத்தியபோது டாக்டர் மெதுவாகச் சொன்னார்: "நீங்க சொல்றது நாயம்தானுங்க. எதுக்குன்னு மட்டும் ஒருவாட்டி கேட்டுக்கங்க. அப்பறம் என்ன வேணாலும் திட்டுங்க."

விஷயம் இதுதான். குளிர்காய்ச்சலுக்கு, அதாவது மலேரியாவுக்கு, ஒரு புது மருந்து. ஏழு குரங்குகளுக்குத் தீனியோடு கொடுத்தார்கள், ஏழுக்குக் கொடுக்கவில்லை. அடையாளத்துக்குக் காதையும் வாலையும் குறித்ததோடு சரி, கொடுக்குமுன் யாரும் உடம்பைத் தடவிப் பார்க்கவில்லை. மருந்து சாப்பிட்ட ஏழையும் அறுத்துப் பார்த்தால் ஒன்றுக்குக் கழுத்தில் கட்டி, ஒன்றுக்கு ஈரலில் நீர்க்கட்டி, நுரையீரலில் கரும்புள்ளி, குடலில் முடிச்சு. மருந்து சாப்பிடாமல் தானாகச் செத்துப்போன இரண்டோ, சொல்லி வைத்தாற்போல் சுத்தமாக இருந்தன. மருந்துதான் உடம்பைக் கெடுத்தது, தூக்கிப் போடு என்கிறார் மேலதிகாரி துரை. இதெல்லாம் குரங்குக்குக் காட்டிலேயே இயற்கையாக வருகிற கோளாறுகள் என்கிறார் அர்த்தனாரி. மிச்சம் ஐந்து உயிரோடு இருக்கின்றன. அடுத்த மாதம் அவற்றையும் அறுத்துப் பார்க்க உத்தரவு.

"அறுத்தாலும் ஒண்ணும் தீராதுங்க" என்றார். "அதுல கட்டி இருந்தா, நம்ம தீனியால வந்துதும்பாரு. இல்லாட்டி, பாத்தியா மருந்துதாம்பாரு. இங்க இருக்கறப்பவே இருந்துச்சுன்னு சொல்ல ஒரு ஆள் வேணும். அதுக்குத்தான் நடந்து வந்தேன்."

"குளுருகாச்சலுக்கா மருந்து?" என்றாள் பாப்பாயி.

"ஆமாங்க."

அவளுக்குக் கண்ணாயி என்று ஒரு மகள் இருந்தாள். ஒன்பது வயதில், கார்த்திகை மாதத்தில், போர்த்தப் போர்த்த உடம்பு தூக்கிப்போட்டு நாலாம் நாள் போய்விட்டாள். அந்த மலையில் அப்படிப் பிள்ளையைக் கொடுக்காத வீடு குறைவு. பாப்பாயி டாக்டரின் கலயத்தில் இன்னும் கொஞ்சம் கஞ்சி ஊற்றினாள். பிறகு வந்து உட்கார்ந்தாள்.

"எழுதுங்க. எல்லாத்தையும் சொல்றேன். ஆனா அந்த அஞ்சும் உசுரோட இங்க வந்து சேரோணும். மேல கத்தி பட்டுச்சுன்னா நான் ஒண்ணுமே சொல்லலீன்னு சொல்லிப்போடுவேன்."

அர்த்தனாரி இரண்டு நாள் தங்கி எழுதிக்கொண்டு இறங்கினார்.

மதராஸில் துரை அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் தன் கண்ணால் பார்க்காத எதிலும் கையெழுத்துப் போடாதவர். நீ ரிஜிஸ்டரை வாசித்திருக்கிறாய், அவள் ஆமாம் போட்டிருக்கிறாள் என்றார். அர்த்தனாரி விடவில்லை. ஒரு வாரம் வாதாடியதில், ரோஷம் வந்து துரையே கிளம்பிவிட்டார். உயிரோடிருந்த ஐந்து குரங்குகள். அவற்றோடு வடக்கே எங்கோ வேறொரு காட்டில் பிடித்த நாலு. ஒன்பதையும் கலந்து வைப்போம், அந்த அம்மாள் பிரித்துக் காட்டட்டும் என்பது அவர் யோசனை. காது கிழிந்தவை, வால் குறைந்தவை எல்லாம் செத்ததில் போய்விட்டன. மிச்சமிருந்த ஐந்தும் வெளிப்பார்வைக்குக் குறையே இல்லாதவை.

காரவள்ளியிலிருந்து துரையை டோலியில் தூக்கினார்கள். அவர் நல்ல கனம். பாதி வழியில் டோலிக்காரர்கள் குரங்குக் கூண்டு தூக்கியவர்களிடம் தோள் மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார்கள்; கூண்டுக்காரர்கள் காதில் வாங்காமல் முன்னால் நடந்துவிட்டார்கள்.

செம்மேட்டில் அன்று சந்தை. மிளகு மூட்டையையும் உப்பையும் அப்படியே போட்டுவிட்டு ஜனம் முழுக்க ஒரு கொட்டகையைச் சுற்றிக் கூடிவிட்டது. உள்ளே துணி போர்த்திய ஒன்பது கூண்டுகள். பாப்பாயி சின்னுசாமியோடு வந்தாள். புடவை முந்தானையில் வழிக்கென்று தினைமாவு உருண்டைகள் முடிந்து வைத்திருந்தாள்.

யாரும் வாயைத் திறக்கக் கூடாது என்று துரை கையைக் காட்டினார். துணியை விலக்கினார்கள்.

பாப்பாயி பார்த்தாள். அவள் முகம் மாறியது. எட்டு மாதம் இரண்டு வேளைத் தீனி தின்று எல்லாம் உருண்டு திரண்டிருந்தன. மயிர் பளபளவென்று இருந்தது. கூண்டுக்குள் எல்லாம் ஒரேமாதிரி மூலையில் குந்தியிருந்தன. எது எங்கே சாய்வது, எது எங்கே இருமுவது?

ஒருமுறை சுற்றிவந்தாள். இரண்டாம்முறை சுற்றினாள். "எல்லாம் சம்பந்தி ஊட்டு விருந்துக்குப் போயிட்டு வந்தாப்பல இருக்குதுங்களே சாமி" என்றாள் மெதுவாக. அர்த்தனாரிக்கு வியர்த்தது. துரை பைக்குள்ளிருந்த கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார். கூட்டத்துக்குப் பின்னாலிருந்து ஒரு முண்டாசு எட்டிப் பார்த்தது: சுப்பண்ணன். அவள் தோற்றால் தன் சரக்குச் சுத்தம் என்று ஆகிவிடும் என்று ஆசையோடு வந்திருந்தான்.

அவள் மூன்றாம்முறை சுற்றும்போது, ஒரு கூண்டின் கம்பி இடுக்கிலிருந்து ஒரு கை நீண்டு முந்தானை முடிச்சைப் பற்றி இழுத்தது. முடிச்சு அவிழ்ந்து மாவுருண்டை கூண்டுக்குள் போய்விட்டது.

பதினேழு வருஷப் பழக்கம். துரையும் சந்தையும் அவளுக்கு மறந்துபோயிற்று.

"அடி எடுபட்ட சிறுக்கி! கை நீட்டுறயா, கை! போன எடத்துல கொட்டிக் கொட்டி வளத்தும் இந்தப் புத்தி போகலியா உனக்கு?"

கொட்டகையின் கூரை அதிர்ந்தது. அந்தக் குரலைக் கேட்டதுதான் தாமதம், ஐந்து கூண்டுகளில் ஐந்து குரங்குகள் ஒரே பாய்ச்சலில் பின்மூலைக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு ஒடுங்கின. மற்ற நாலும் கம்பியருகே வந்து, தலையைச் சாய்த்து, இந்த அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்பது போல வேடிக்கை பார்த்தன.

சந்தையே சிரித்தது. துரையின் வாய் கொஞ்சம் திறந்திருந்தது.

பாப்பாயி அந்த ஐந்து முதுகுகளையும் பார்த்துப் பெருமூச்சு விட்டாள். "இப்பத் தெரியுது. நான் என்னைக்கு இதுங்க மூஞ்சியப் பாத்தேன்? ஓடுற முதுகுதானே கண்ணுக்குப் பழக்கம்." மாவுருண்டையைத் திருடியவளைக் காட்டினாள். "இவ கோணச்சி. பாருங்க, பயந்து உக்காந்தாலும் இடப்பக்கமாத்தான் சாயறா. வவுத்துல அந்தப் பக்கம் என்னமோ இருக்குது. மூணு வருசமா இருக்குது. அது தும்மக்காரன். மார்கழிப் பனி வரட்டும், நீங்களே கேப்பீங்க. அது மண்ணுதின்னி." மற்ற இரண்டுக்கும் பேரும் குறையும் சொன்னாள்.

துரை தோல் கையுறை மாட்டிக்கொண்டார். கோணச்சியைச் சாக்கால் சுற்றி இரண்டு பேர் பிடித்துக்கொள்ள, வயிற்றின் இடப்பக்கம் விரலை வைத்து அழுத்தினார். அழுத்தியவர் நின்றார். மறுபடி அழுத்தினார். அர்த்தனாரியின் கையைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். உள்ளே கோழிமுட்டை அளவுக்கு ஒரு கட்டி உருண்டது. ரிஜிஸ்டரில் கோணச்சி மருந்து சாப்பிடாத ஏழில் ஒருத்தி.

துரை பாப்பாயியைப் பார்த்து இங்கிலீஷில் ஏதோ நீளமாகச் சொன்னார்.

"என்னங்கறாரு?"

"உங்கள நம்பறேங்கறாருங்க. வனத்துல பிடிச்ச குரங்கு எதுவும் குறையில்லாததுன்னு இனிமே நெனைக்கக் கூடாதாம். எந்த மருந்து கொடுக்கறதுக்கு முந்தியும் ஒவ்வொண்ணையும் தடவிப் பாத்து, எல்லாத்தையும் எழுதிவெச்சுட்டுத்தான் ஆரம்பிக்கணுமாம்."

"இத முந்தியே பண்ணியிருந்தா ஒன்பது உசுரு போயிருக்குமா?" என்றாள் பாப்பாயி.

அர்த்தனாரி அதை மொழிபெயர்த்தாரா இல்லையா என்பது தெரியவில்லை. துரை கையுறையைக் கழற்றிக்கொண்டே தலையைக் குனிந்துகொண்டார் என்று பக்கத்தில் நின்றவர்கள் சொன்னார்கள்.

அதற்குப்பிறகு நடந்ததை யாரும் எதிர்பார்க்கவில்லை. வெளியே தெரியாத கட்டியைக்கூடத் தடவியே கண்டுபிடிக்கிற டாக்டர் வந்திருக்கிறார் என்று சந்தையில் பரவிவிட்டது. முதலில் ஒரு கிழவர் முதுகிலிருந்த கொழுப்புக்கட்டியைக் காட்டினார். அடுத்து ஒரு பெண் குழந்தையின் தொப்புளைக் காட்டினாள். அரை மணியில் கொட்டகையிலிருந்து வரிசை புளியமரம் வரைக்கும் போய்விட்டது. மரு, பாலுண்ணி, ஆறாம் விரல், ஒட்டிய விரல், பிறவி மச்சம். "நான் மாட்டு டாக்டருங்க, மாட்டு டாக்டருங்க" என்று அர்த்தனாரி கும்பிட்டுச் சொல்லிப் பார்த்தார். "குரங்கையே பாத்தீங்க, எங்களப் பாக்கக் கூடாதுங்களா?" என்றார்கள். அவர் சாயங்காலம் வரைக்கும் தடவிப் பார்த்தார். வரிசையில் சின்னுசாமியும் நின்றான். அவன் காலில் இரண்டு விரல்கள் ஒட்டியிருந்தன. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அது பாப்பாயிக்குத் தெரியாது. அன்றைக்குத்தான் பார்த்தாள். "இத எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டாள்.

"பேர் வெச்சிருப்ப" என்றான் சின்னுசாமி.

ஐந்து குரங்குகளையும் வளப்பூரில் பலாமரத்தடியில் திறந்துவிட்டார்கள். அங்கே புது வம்பு. எட்டு மாதம் தட்டில் தின்ற உடம்பு மரமேற மறுத்தது. காலையிலும் மாலையிலும் மணி அடித்தாற்போல ஐந்தும் வாசலில் வந்து வரிசையாக உட்கார்ந்துகொண்டு, வேகவைத்த கடலைக்குக் காத்திருக்கும். பாப்பாயி தலையில் அடித்துக்கொண்டாள். "எந்திரிங்க! போயித் திருடித் தின்னுங்க! மரம் அங்க நிக்குதில்ல?" என்று கோலை எடுத்துக்கொண்டு துரத்துவாள். பத்துப் பதினைந்து நாள் அவற்றை மரத்துக்கு ஓட்டுவதே அவளுக்கு வேலையாக இருந்தது. கடைசியில் ஒருநாள் தும்மக்காரன் தானாக ஏறிப் பலாப்பிஞ்சைப் பிய்த்தபோது, "இப்பத்தான் வழிக்கு வந்திருக்குது" என்று சொல்லிவிட்டு, கையோடு அவனைத் திட்டவும் திட்டினாள். சோலைக்குப் போயிருந்தவையும் திரும்பி வந்து சேர்ந்துகொண்டன. அடுத்த வருஷம் வீட்டுக்கு வந்தது நாலே பலாப்பழம். சின்னுசாமி நிம்மதியாகச் செருப்பைப் போட்ட இடத்தில் போட்டான்.

சுப்பண்ணன் குரங்கு பிடிக்கிற தொழிலை விட்டுவிட்டு அடிவாரத்தில் வெள்ளாமையோடு நின்றுகொண்டான். வளப்பூர்ப் பக்கம் அவன் மறுபடி வந்ததாகத் தகவல் இல்லை.

மருந்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். பாப்பாயியின் சாட்சியத்தால் அது தப்பித்தது. குரங்குகளுக்கு அது ஒரு கெடுதலும் செய்யவில்லை என்று துரை கையெழுத்துப் போட்டார். அப்புறம் இரண்டு வருஷம் ஆஸ்பத்திரிகளில் கொடுத்துப் பார்த்ததில், காய்ச்சலுக்கும் அது ஒன்றும் செய்யவில்லை என்று தெரிந்தது. அர்த்தனாரி இந்தச் செய்தியை நேரில் வந்து சொல்லக் கூசிக்கொண்டு ஒரு மழைக்காலம் முழுக்கத் தள்ளிப்போட்டார். பிறகு வந்து சொன்னார். "அப்ப அந்த ஒன்பதும்?" என்றாள் பாப்பாயி. அவர் குனிந்து காலில் ஏறிய அட்டையைத் தட்டிவிட்டார். அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை.

ஆனால் அவர் அன்று வெறுங்கையோடு வரவில்லை. ஒரு தகர டப்பா நிறையக் கொய்னா மாத்திரை, டாக்டர் பாஷையில் குயினின், கொண்டுவந்திருந்தார். பழைய மருந்துதான், விஷக்கசப்பு, ஆனால் கேட்கிற மருந்து. அந்த வருஷத்திலிருந்து அவர் ஐப்பசிதோறும் ஒரு டப்பாவோடு மலையேறினார். யுத்தகாலத்தில் கிடைக்காத வருஷங்களில் பாதி டப்பாவோடு ஏறினார். பாப்பாயி அதை முந்தானையில் முடிந்துகொண்டு வீடு வீடாகப் போவாள். குளிர் கண்டவர்கள் அவள் வருவதைப் பார்த்தே காட்டுக்குள் ஓடினார்கள், விட மாட்டாள். முதல் மாத்திரையை எல்லோர் எதிரிலும் தானே வாயில் போட்டு, முகத்தில் ஒரு சுளிப்புகூட இல்லாமல் விழுங்கி, "பாத்தீங்களா, என்ன இருக்குது இதுல? வெல்லமாட்ட இருக்குது" என்பாள். பிறகு ஏதோ வேலை இருப்பதுபோல மெதுவாக நடந்து வீட்டுக்குப் பின்பக்கம் போய், மலைத்தேன் குடுக்கையை எடுத்து, கண்ணில் நீர் வழிய வழிய மடக் மடக்கென்று குடிப்பாள்.